அறுபது நாளில் அறிய வேண்டியது

(பனமலையில் நடைபெற்ற நம் கல்விச் சங்க வெள்ளி விழாவில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் ஒரு தலைமையாசிரியரை நிறுத்தினால், அவர் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியும் கல்வி உதவித் தொகையைப் பற்றியும் பேசுவார் என எதிர்பார்ப்பது இயல்பே. அவற்றைப் பேசத் தகுதி வாய்ந்தோர் இம்மேடையிலேயே பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. பிறந்த குழந்தையின் பித்தநாளத்தில் தோன்றும் அரியதொரு பிறவி நோயையும், அதற்கு உலகம் கண்டுள்ள அறுவை மருத்துவத்தையும் பற்றிப் பேச விழைகின்றோம். கல்விச் சங்கத்துக்கும் கல்லீரலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு உண்டு. அதனை முதலில் சொல்லிவிடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், எம்மிடம் பத்தாம் வகுப்புவரை படித்த இளைஞர் ஒருவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வீடு தேடி வந்தார். கரும்பு வெட்டுக் காலத்தில் ஊர் ஊராய்ச் செல்லும் குடும்பம் அது. பெண்குழந்தை, பிறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. கண்ணின் வெள்ளையும் உடலும் மஞ்சள் பூத்திருந்தன. குழந்தையைக் காட்டிய இடத்தில் இரத்தம் எடுத்துச் சோதித்து ஒரு சீட்டைக் கொடுத்திருந்தார்கள். சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. “சார், இதிலே என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க” என்று நீட்டினார்.

வாங்கிப் படித்தோம். பிலிருபின் என்ற சொல்லைக் கண்டோம். அதற்கு எதிரே ஓர் எண் இருந்தது. அதன் கீழே, ‘நேரடி’ என்று பொருள்படும் சொல்லுக்கு எதிரே இன்னோர் எண் இருந்தது. எல்லாம் அறிந்தவர்போல், “பிறந்த பிள்ளைக்குக் காமாலை வருவது இயல்புதான் தம்பி. காலை இளவெயிலில் காட்டுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், தானே தெளியும்” என்றோம். இரண்டாம் எண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை; அதன் பொருள் எமக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் இல்லை.

வாசற்படியில் நின்ற அத்தாய் தயங்கித் தயங்கி, “சார், பிள்ளை வெள்ளையா வெளிக்குப் போவுது” என்றார். அதனைக் காதில் வாங்கினோமேயன்றிக் கருத்தில் வாங்கவில்லை. பெரியவர், படித்தவர், தலைமையாசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அவர்கள் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்பினார்கள்.

குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்தபோது வயிறு உப்பிற்று. பெரிய நகரத்து மருத்துவமனை ஒன்றுக்குத் தூக்கிச் சென்றார்கள். கல்லீரல் இறுகிப் போயிருந்தது. “எத்தனை நாளாய் மலம் வெளுத்திருக்கிறது?” என்பதே அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வியாம். “இருபதாம் நாளிலிருந்து” என்று அத்தாய் மறுமொழி சொன்னாராம். குழந்தை ஆண்டு நிறைவைக் காணவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத அத்தாய் கண்டது சரி. பட்டம் இரண்டு பெற்ற நாம் படித்தது தவறு. அந்நிகழ்ச்சிக்குப் பின்னர் மருத்துவர்களைக் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை நம் தெருவுக்குச் சொல்லும் கடமை எமக்கு உண்டு. அக்கடனைத் தீர்க்கவே இந்த மேடையைப் பயன்படுத்துகின்றோம்.

இனி நோய்க்கு வருவோம்.

நந்தன் கால்வாயை அறியாதார் இவ்வவையில் இரார். திருவண்ணாமலை மாவட்டத்துக் கீரனூர் அணையில், துரிஞ்சலாற்றினின்றும் பிரிந்து, வழிநெடுக ஏரிகளை நிரப்பி, முடிவில் நம் பனமலை ஏரியை வந்தடைய வேண்டிய கால்வாய் அது. அது தூர்ந்து கிடந்தமையால் கடைமடையான நம் ஏரிக்கு நீர் வந்து சேராத ஆண்டுகள் எத்தனை என்பதை இங்கிருக்கும் முதியோர் சொல்வர். மேலே மழை பெய்திருக்கும், நீரும் இருக்கும், வழிதான் இராது.

நம் உடலிலும் அத்தகைய கால்வாய் ஒன்று உண்டு. கல்லீரல் பித்தநீரைச் சுரக்கின்றது. கல்லீரலுக்குள் மயிரிழை போன்ற நுண்குழாய்கள் பல அந்நீரைத் திரட்டுகின்றன. அவை ஒன்றுகூடிக் கல்லீரலின் அடிவாயிலில் வெளிவந்து, பித்தநாளம் என்னும் ஒரே குழாயாகிச் சிறுகுடலில் சென்று சேர்கின்றன. வழியில் பித்தப்பை ஒரு சிறு தேக்கம்போல் அமைந்திருக்கின்றது. நாம் உண்ணும் உணவிலுள்ள கொழுப்பு செரிப்பதற்குப் பித்தநீர் வேண்டும். மலத்துக்கு மஞ்சளும் பழுப்புமாகிய நிறத்தைத் தருவதும் பித்தநீரோடு வரும் நிறப்பொருளே.

அரிதாகச் சில குழந்தைகளுக்கு, பிறப்பதற்குச் சற்று முன்னரோ பிறந்த சில வாரங்களுக்குள்ளோ, கல்லீரலுக்கு வெளியே உள்ள இக்குழாய் அழற்சியுற்று, உட்புழை அடைபட்டு, வெறும் நாராகிவிடுகின்றது. இதனைப் பிலியரி அட்ரீசியா என்று மருத்துவர்கள் அழைக்கின்றனர். பிறவிப் பித்தநாள அடைப்பு என்று நாம் தமிழில் சொல்லலாம். கால்வாய் அடைபட்டால் கீழே ஏரி வறள்கின்றது. மேலே தேங்கும் நீர் கரையை அரிக்கின்றது. இங்கும் அவ்வாறே. குடலுக்குப் பித்தநீர் வராமையால் மலம் நிறம் இழந்து வெளுக்கின்றது. தேங்கிய பித்தநீர் கல்லீரலை நாளும் சிதைத்து இறுகச் செய்கின்றது. போக வழியற்ற நிறப்பொருள் இரத்தத்தில் கலந்து கண்ணையும் தோலையும் மஞ்சளாக்குகின்றது. சிறுநீரோடு வெளியேறி அதனையும் அடர்நிறமாக்குகின்றது. மருத்துவம் செய்யாது விட்டால் இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் உயிர் போய்விடும்.

இந்நோய் ஏன் வருகின்றது என்பதற்கு மருத்துவ உலகம் இன்னும் முழு விடை காணவில்லை. ஆனால், கிரகணத்தில் தாய் வெளியே வந்தமையால் வருவதன்று, அவள் உண்ட உணவால் வருவதன்று, முன்வினையால் வருவதன்று, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதுமன்று. நோயுற்ற குழந்தையைப் பெற்றவளைக் குற்றவாளியாக்கும் பேச்சு நம் தெருக்களில் ஒழிய வேண்டும். அவ்வாறு பழிக்கப்பட்ட தாய், தான் கண்டதை வெளியில் சொல்ல அஞ்சுவாள் அன்றோ?

ஐரோப்பிய நாடுகளில் பதினையாயிரம் முதல் இருபதாயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கிலும், தைவானில் ஐயாயிரம் முதல் ஆறாயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கிலும் இது காணப்படுகின்றது. இத்துணை அரிதாயின் நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று எண்ணலாகாது. அரிது என்பதே இந்நோயின் பெரும் ஆபத்து. ஆண்டுக்குச் சில நூறு பிறப்புகளைக் காணும் ஒரு சிற்றூர் மருத்துவமனை பல்லாண்டு காலம் ஒரு நோயாளியைக்கூடக் காணாமல் இருக்கலாம். ஆகவே அங்குள்ளோரும் இதனைச் சாதாரணக் காமாலை என்று எண்ணிவிட இடமுண்டு. பச்சிளங் குழந்தைகளில் மிகப் பலருக்கு முதல் வாரத்தில் மஞ்சள் தோன்றி, இரண்டு வாரத்துக்குள் தானே தெளிந்துவிடுகின்றது. அந்தப் பெருங்கூட்டத்தில் இந்தச் சிறு நோயாளி மறைந்து போகின்றான். போதாக்குறைக்கு, தொடக்கத்தில் குழந்தை நன்றாகவே பால் குடிக்கும், சிரிக்கும், எடையும் ஏறலாம். நோயுற்ற முகமே தோன்றாது.

அப்படியானால் கண்டுபிடிப்பது எவ்வாறு?

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் நம் மலைமேல் இருக்கின்றது. அங்கே சுவரில் எஞ்சி நிற்கும் உமையம்மையின் வண்ண ஓவியத்தைக் காண எங்கெங்கிருந்தோ அறிஞர்கள் வருகின்றனர். மங்கிய நிறத்தையும் அவர்கள் கூர்ந்து நோக்கி அறிகின்றனர். நம் தாய்மார்கள் கூர்ந்து நோக்க வேண்டிய நிறம் ஒன்று வீட்டிலேயே இருக்கின்றது. அது குழந்தையின் துணியில் இருக்கின்றது.

பால்குடிக் குழந்தையின் மலம் மஞ்சளாகவோ, பச்சையாகவோ, பழுப்பாகவோ இருந்தால் பித்தநீர் குடலுக்கு வருகின்றது என்று கொள்ளலாம். அது அரிசிமாவுபோல், சுண்ணாம்புபோல், வெளிறிய சந்தனம்போல், சாம்பல் பூத்த களிமண்போல் இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். முதலில் மஞ்சளாக இருந்து, சில வாரங்களில் மெல்ல மெல்ல வெளுப்பதும் உண்டு; ஆகவே ஒரு நாள் பார்த்து விட்டுவிடாமல் இரண்டு மாதம்வரை நாள்தோறும் பார்க்க வேண்டும். சிறு குழந்தையின் சிறுநீர் தண்ணீர்போல் நிறமற்றிருத்தல் வேண்டும். அது துணியில் மஞ்சள் கறையை விட்டால் அதுவும் ஓர் அறிகுறி. மூன்றாவதாக, பிறந்து பதினைந்து நாள் கடந்தும் கண்ணில் மஞ்சள் தெளியாமலிருப்பது. இவற்றுள் ஒன்று இருந்தாலும் காத்திருக்கலாகாது.

மருத்துவர் முதலில் செய்யவேண்டிய சோதனை எளியது. இரத்தத்திலுள்ள பிலிருபினை மொத்தமாக மட்டும் அளவிடாமல், நேரடிப் பிலிருபினைத் தனியே அளவிடுதல். இயல்பான காமாலையில் இந்த நேரடி அளவு உயராது. நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் அது 1 மில்லிகிராமைத் தாண்டினால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். எம் கையில் நீட்டப்பட்ட சீட்டில் இரண்டாவதாக இருந்த எண் அதுவே. அது ஆறு. இன்றும் அவ்வெண் எம் நினைவை விட்டு அகலவில்லை.

நேரடி அளவு உயர்ந்திருப்பதால் மட்டும் பித்தநாள அடைப்புத்தான் என்று முடிவு கட்டிவிட இயலாது. கல்லீரல் அழற்சி, பித்தநாள நீர்க்கட்டி முதலிய வேறு காரணங்களும் உண்டு. வயிற்றை ஸ்கேன் செய்தல், கல்லீரலினின்றும் ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தல், இறுதியாக அறுவை மேசையில் பித்தப்பைக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே படம் எடுத்தல் ஆகியவற்றால் மருத்துவர்கள் உறுதி செய்கின்றனர்.

இனி அறுவை மருத்துவத்தின் வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம்.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இந்நோய்க்கு ஆளான குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர்க்கு வழியே இல்லை. மருத்துவர்கள் வயிற்றைத் திறந்து பார்ப்பர்; குடலோடு இணைப்பதற்கு ஏற்ற குழாய் எங்கும் தென்படாது; திருத்த இயலாத வகை என்று எழுதிவிட்டு, திறந்த வயிற்றைத் தைத்து அனுப்பிவிடுவர். சப்பான் நாட்டுச் செண்டாய் நகரில், தோகோக்கு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மோரியோ கசாய் என்னும் அறுவை மருத்துவர் 1955ஆம் ஆண்டில் 72 நாள் குழந்தை ஒன்றுக்கு அறுவை செய்தார். வழக்கம்போல் குழாய் தென்படவில்லை. கல்லீரலின் அடிவாயிலில் நாராகக் கிடந்த பகுதியை அகற்றியபோது பெருகிய குருதியை நிறுத்தவே அவர் குடலை அதன்மேல் வைத்துத் தைத்தார் என்று சொல்லப்படுகின்றது. பின்னர் அக்குழந்தையின் மலத்தில் நிறம் வந்தது. நாருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் இன்னும் திறந்திருந்தன என்பது புலனாயிற்று.

1959இல் அவரும் சுசுகி என்பாரும் இம்முறையைச் சப்பானிய மொழியில் வெளியிட்டனர். 1968இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்த பின்னரே மேலைநாட்டு மருத்துவர்கள் சிறிது சிறிதாக ஏற்றுக்கொண்டனர். இன்று உலகெங்கும் அது கசாய் அறுவை என்றே வழங்குகின்றது. பெயரைக் கேட்டுவிட்டு இதற்கொரு கஷாயம் உண்டு போலும் என்று யாரும் வீட்டில் அடுப்பு மூட்டிவிட வேண்டா!

இவ்வறுவையில் நாராகிப்போன குழாய் முழுவதும் பித்தப்பையோடு அகற்றப்படுகின்றது. சிறுகுடலை ஓரிடத்தில் வெட்டி, ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளமுள்ள பகுதியை மேலே கொண்டுவந்து, கல்லீரலின் அடிவாயிலோடு சேர்த்துத் தைக்கின்றனர். வெட்டிய மேற்குடலைக் கீழே மீண்டும் அதனோடு இணைக்கின்றனர். கால்வாய் முற்றும் அழிந்துவிட்டபடியால், ஏரியையே அணையின் மதகுவரை நீட்டிக்கொண்டு போனதற்கு இதனை ஒப்பிடலாம். நுண்குழாய்களிலிருந்து கசியும் பித்தநீர் நேரே குடலில் விழுகின்றது.

ஆனால் அந்நுண்குழாய்கள் என்றும் திறந்திரா. நாள் ஆக ஆக அவையும் அடைபடுகின்றன, கல்லீரலும் இறுகுகின்றது. அதனாலேயே பிறந்து அறுபது நாளுக்குள் இவ்வறுவை நடைபெற்றால் நன்று என்று மருத்துவர்கள் வற்புறுத்துகின்றனர். தொண்ணூறு நாள் கடந்தால் பயன் பெரிதும் குறைந்துவிடுகின்றது. உலகில் எத்தனையோ நோய்களுக்கு நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல இடமுண்டு. இந்நோய்க்கு அப்படிச் சொல்ல இடமில்லை.

உண்மையை மறைத்து நம்பிக்கை ஊட்ட நாம் விரும்பவில்லை. உரிய காலத்தில் அறுவை செய்துகொண்ட குழந்தைகளிலும் ஏறத்தாழப் பாதிப் பேர்க்கே காமாலை முற்றும் நீங்குகின்றது. நீங்கிய பின்னரும் கண்காணிப்பு வேண்டும். காய்ச்சல் வந்தால் அது பித்தநாளத் தொற்றாக இருக்கலாம். ஒரு நாளும் தாமதியாது மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்களை மருத்துவர் சொல்லும் அளவில் தர வேண்டும். பித்தநீர் குறைந்த குடல் அவற்றைத் தானே ஏற்காது. ஆயினும் இந்த அறுவையால் தம் சொந்தக் கல்லீரலோடு வளர்ந்து பெரியவர்களானோர் உண்டு. மற்றவர்க்கும் அது காலத்தை ஈட்டித் தருகின்றது. குழந்தை வளரவும் எடை கூடவும் கிடைக்கும் காலம் அது. அடுத்த படியாகிய கல்லீரல் மாற்றுக்கு அக்காலம் பேருதவியாகும்.

கல்லீரல் மாற்று அறுவையின் வரலாறும் இந்நோயோடு பிணைந்ததே. 1963இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல் மனிதர்க்குச் செய்த முதல் கல்லீரல் மாற்று, பித்தநாள அடைப்பால் வருந்திய மூன்று வயதுக் குழந்தைக்குத்தான். அக்குழந்தை பிழைக்கவில்லை. மருத்துவர்கள் முயற்சியைக் கைவிடவில்லை. 1967இல் வேறொரு குழந்தையிடம் வெற்றி கிட்டிற்று. 1989 அளவில், உயிரோடிருக்கும் தாயோ தந்தையோ தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்துக் குழந்தையைக் காக்கும் முறை வெற்றி பெற்றது. கொடுத்தவரின் கல்லீரல் சில மாதங்களில் மீண்டும் வளர்ந்துவிடுகின்றது என்பது இயற்கை நமக்கு அளித்த பேறு.

நம் நாட்டில் 1994இல் உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. 1998 நவம்பரில், புதுதில்லி இந்திரப்பிரஸ்தா அப்போலோ மருத்துவமனையில், இந்தியாவிலேயே குழந்தைக்குச் செய்த முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்று நடைபெற்றது. அக்குழந்தை யார் தெரியுமா? நம் அண்டை மண்ணாகிய காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவன். இரண்டு வயதும் நிறையாதவன். பித்தநாள அடைப்போடு பிறந்தவன். தந்தையார் தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அக்குழந்தை இன்று வளர்ந்து, எம்.பி.பி.எஸ். படித்து, தாமே மருத்துவராகியுள்ளார். ஏறத்தாழ நம் சங்கத்தின் வயதுதான் அவர் பெற்ற அந்த மறுவாழ்வுக்கும். மேசையில் கிடந்த குழந்தை மருத்துவராய் எழுந்த இச்செய்தியை நம் மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இத்துணை மருத்துவம் இருந்தும் நம் தெருக் குழந்தைக்கு அது எட்டாமற் போவது ஏன்? எமக்குத் தோன்றிய தடைகள் மூன்று.

முதலாவது, காத்திருக்கும் பழக்கம். மந்திரிக்கின்றோம், கீழாநெல்லி அரைக்கின்றோம், சில இடங்களில் பச்சிளம் உடம்பில் சூடும் போடுகின்றனர். நம் பாட்டிமார் அறிவை நாம் இகழவில்லை. ஆனால் அடைபட்ட குழாயை எந்த இலையும் திறவாது. சூடோ கொடுமையேயன்றி வேறில்லை. பேறுகாலத்துக்குத் தாய்வீடு சென்ற பெண் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்புகின்றாள். தந்தை வீட்டார் குழந்தையைக் கூர்ந்து பார்ப்பதே அப்போதுதான். அதற்குள் அறுபது நாள் கடந்துவிடுகின்றது.

இரண்டாவது, மலத்தைப் பற்றிப் பேச நாணுதல். மேடையில் இதைப் பேசுகின்றாரே என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அச்சுளிப்பின் வரலாறு நமக்குத் தெரியாததன்று. பிறர் கழிவைச் சுமக்கும் தொழிலை நம்மவர் தலையில் ஏற்றிவிட்டு, சுமந்த காரணத்தாலேயே நம்மைத் தீட்டென்று ஒதுக்கிய சமுதாயம் இது. அக்கொடுமையைத் தடுக்க 1993இல் ஒரு சட்டமும், போதாமல் 2013இல் மற்றொரு சட்டமும் செய்ய வேண்டியிருந்தது. ஆகவே படித்து முன்னேறிய நம் பிள்ளைகள் அச்சொல்லையே வெறுப்பதில் வியப்பில்லை. ஆனால் தன் குழந்தையின் துணியை விரித்து நிறம் பார்க்கும் தாய் இழிந்த செயல் எதனையும் செய்யவில்லை. ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி செய்வதையே அவள் செய்கின்றாள். சப்பானிலும் தைவானிலும் மலத்தின் நிறங்களை வரிசையாக அச்சிட்ட அட்டையைத் தாய்மார் கையில் கொடுத்து ஒப்பிடச் சொல்கின்றனர். தைவானில் 2002இல் சில பகுதிகளில் தொடங்கிய இம்முறை 2004இல் நாடு முழுதும் பரவியது. குழந்தைகள் முன்னிலும் விரைவாக அறுவைக்கு வந்து சேர்ந்தனர். பெருஞ்செலவுக் கருவி எதுவும் இல்லை. ஓர் அட்டையும் தாயின் கண்ணுமே போதுமானதாயின.

மூன்றாவது தடை, நம் சொல்லுக்கு மதிப்பில்லாமை. அழுக்குச் சேலையோடு வரும் கூலிக்காரப் பெண்ணை, “உனக்கென்ன தெரியும்” என்று அதட்டும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கின்றது. அதனைக் கண்டிக்கும் முன், நாமே நம் வீட்டு வாசலில் அவ்வாறுதான் நடந்துகொண்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியவராயிருக்கின்றோம். அதட்டவில்லை, ஆனால் கேட்கவும் இல்லை.

இளைஞர்களே! இத்தடைகளை நீக்க நம் சங்கம் செய்யக்கூடியவை எளியவை. பெருநிதி வேண்டுவன அல்ல.

நம் தெருக்களில் குழந்தை பிறந்த ஒவ்வொரு வீட்டுக்கும் பதினைந்தாம் நாளன்று நம் சங்கத்துப் பெண் ஒருவர் செல்லட்டும். தாய் வேற்றூரில் இருந்தால் தொலைபேசியில் கேட்கட்டும். கண்ணின் நிறம், சிறுநீரின் நிறம், மலத்தின் நிறம் ஆகிய மூன்றையும் ஓர் ஏட்டில் குறிக்கட்டும். நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்லும்போது மறுபடியும் பார்க்கட்டும். அதுவே அறுபது நாளுக்கு முன் நமக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு. ஆனால் முன்னரே ஐயம் தோன்றினால் அந்த நாள்வரை காத்திருத்தல் கூடாது. நிறங்களைக் காட்டும் அட்டையை மருத்துவரைக் கலந்து அச்சிடுவோம். அங்கன்வாடிப் பணியாளரிடமும் கிராமச் சுகாதாரச் செவிலியரிடமும் ஒன்று கொடுப்போம்.

ஐயமிருந்தால் தாயைத் தனியே அனுப்பாமல், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் துணை செல்லட்டும். குழந்தையின் துணியையே கையில் கொண்டு போகட்டும். “குழந்தைக்குப் பதினைந்து நாள் கடந்தும் காமாலை தெளியவில்லை, மலம் வெளுத்திருக்கிறது, நேரடிப் பிலிருபின் பார்க்க வேண்டும்” என்று தெளிவாகவும் பணிவாகவும் சொல்லட்டும். அளவு உயர்ந்திருந்தால், அன்றே குழந்தை அறுவைப் பிரிவுள்ள மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு கேட்கட்டும். முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகின்றது. புதுச்சேரி ஜிப்மரிலும், சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலும் குழந்தை அறுவை மருத்துவர்கள் உளர். பேருந்து ஏறினால் அரை நாளில் சேரக்கூடிய இடங்கள் இவை.

பணத்துக்கு அஞ்சி வீட்டில் இருந்துவிட வேண்டா. 2012 முதல் நடைமுறையில் உள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் சேரலாம். கல்லீரல் மாற்று போன்ற உயர் சிகிச்சைகளுக்கும் அதில் இடமுண்டு. ஆனால் நோய் வந்த பின் வருமானச் சான்றுக்கு அலைந்தால் நாள்கள் ஓடிவிடும். கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் காப்பீட்டு அட்டை உண்டா என்று இப்போதே பாருங்கள். இல்லையேல் வாங்கிக் கொடுங்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் கல்விப் பணியே.

இந்த ஏட்டில் பல ஆண்டுகள் ஒரு நோயும் அகப்படாமல் போகலாம். அகப்படாமல் போகட்டும் என்றே வேண்டுகின்றோம். ஆனால் பதினைந்தாம் நாள் செல்லும் பெண் வேறு பலவற்றையும் காண்பாள். பால் போதாத குழந்தையை, சோகை பிடித்த தாயை, தடுப்பூசி தவறிய பிள்ளையைக் காண்பாள். ஆகவே அவள் நடை வீண்போகாது.

இன்னொன்றும் சொல்லி முடிப்போம். படித்தவர்களாகிய நம்மிடம் நம் மக்கள் சீட்டுகளை நீட்டுகின்றனர். வங்கிச் சீட்டு, வழக்குச் சீட்டு, மருத்துவச் சீட்டு. நம்மை நம்பியே நீட்டுகின்றனர். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் அவர்களோடு சேர்ந்து செல்லுங்கள். அவர்கள் தாமே கண்டதைச் சொல்லும்போது அமர்ந்து கேளுங்கள். அன்று எம் வாசலில் நின்ற அத்தாயிடம், “உள்ளே வந்து உட்காரம்மா, என்ன நிறம் என்று சொல்” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அக்குழந்தைக்கு அறுபது நாளில் இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் மீதி இருந்தது.

அந்தத் தாயும் தந்தையும் இவ்வூரார்தாம். அவர்களிடம் சென்று, இதனை இம்மேடையில் சொல்லலாமா என்று கேட்டோம். “சொல்லுங்க சார், இன்னொரு புள்ளைக்காவது ஆவட்டும்” என்றார் அத்தாய். நம் ஏட்டின் முதல் பக்கத்தைத் தொடங்கி வைக்க அவரையே அழைக்குமாறு சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கின்றோம்.